பிறந்த வீட்டுக் கோடி

அம்மாக்கண்ணு டிவி பார்ப்பதே தூக்கம் வருவதற்குத்தான் என்று மருமகன் ராஜாராம் கேலி செய்வார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

பிரபலங்கள் தங்கள் முன்னோரைத் தேடிப் போகும் நிகழ்ச்சி அது. அன்று ஒரு நடிகை செஞ்சிக் கோட்டை வாசலில் காரிலிருந்து இறங்கினாள். அவளுக்காகவே பிறந்து வளர்ந்தவர் போல ஒரு பேராசிரியர் அங்கே காத்திருந்தார். உறையைப் பிரித்து ஒரு தாளை நீட்டினார். அதில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்தது. நடிகை அழுதாள். விளம்பரம் முடிந்து பார்த்தால் பனமலை ஏரிக்கரையில் நின்றாள். அவளுடைய சொந்தக்காரர்கள் மாலையும் கையுமாக வரிசையில் நின்றார்கள்.

பிறகு மலைக்கோயிலைக் காட்டினார்கள். உள்ளே சுவரில் பாதி உதிர்ந்த பழைய ஓவியம். குடைக்குக் கீழே ஒரு பெண், சாய்ந்த வாக்கில் நின்றிருந்தாள்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இந்தக் கொடக்காரிய நான் பாத்துருக்கேன்."

பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த அரிகிருஷ்ணன் மாமா சிரித்தார். "எங்க பாத்த? வெள்ளிக்கெழம சந்தையிலயா?"

"சின்னதுல. யாரோ தோள் மேல தூக்கி வெச்சிக் காட்டுனாங்க."

மாமா கடலை உரிப்பதை நிறுத்தினார். மகள் மணிமொழி அம்மாவையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அம்மா இப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை.

அம்மாக்கண்ணு மேல்மலையனூரில் கிடைத்த பிள்ளை. ஓர் அமாவாசைக் கூட்டத்தில், பூக்கடை ஓரம் அழுதபடி நின்ற சிறுமியை, பிள்ளை வரம் கேட்டுப் போயிருந்த தைலம்மாள் கண்டாள். யாராவது தேடி வருவார்கள் என்று மறுநாள் வரை அங்கேயே காத்திருந்தாள். யாரும் வரவில்லை. அங்காளம்மனே கொடுத்தது என்று செஞ்சிக்குத் தூக்கி வந்து, அம்மாக்கண்ணு என்று பெயர் வைத்து வளர்த்தாள். அதற்குப் பிறகு பிறந்தவர்தான் அரிகிருஷ்ணன். "நீ வரலன்னா நான் ஏது" என்று அக்காவிடம் அடிக்கடி சொல்லுவார். மணிமொழிக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவர், வயதுக்கு வந்தபோது ஓலை கட்டியவர், கல்யாணத்தில் தாய்மாமன் சீர் சுமந்து வந்தவர் எல்லாம் அவர்தான்.

"எனக்கும் இப்டி யாராச்சும் ஒரு தாளு குடுத்தா நல்லாருக்கும்," என்றாள் அம்மா, திரையைப் பார்த்தபடி.

"நீ மொதல்ல நடிகையாவு. அப்பறம் தாளு தருவாங்க," என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

சாயங்காலம் மணிமொழி தலை வாரிவிடும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள். "செத்தா பொறந்த வூட்டுக் கோடி போடறாங்க இல்ல. அந்த வூடு எதுன்னே தெரியாம போறேன் பாரு."

அம்மாவின் இதயம் பலவீனமாகிவிட்டதாக டாக்டர் சொல்லியிருந்த நேரம். அந்த வார்த்தை மணிமொழியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எந்தப் பெண் செத்தாலும், புருஷன் வீட்டுச் சேலை எத்தனை விழுந்தாலும், பிறந்த வீட்டிலிருந்து ஒரு கோடி வந்து மூடினால்தான் அவள் போகிற வழிக்குத் துணை. அம்மாவுக்கு அதைக் கொண்டுவந்தே தீருவது என்று அவள் முடிவு செய்தாள். கொண்டுவர ஆள் மதியம் பக்கத்திலேயே கடலை உரித்துக்கொண்டிருந்தது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த நிகழ்ச்சிக்கே எழுதிப் போட்டாள். பல நாள் கழித்து சேரன் என்று ஒருவன் போன் செய்தான். நிகழ்ச்சிக்குத் தகவல் தேடிக் கொடுக்கிறவன்.

"அக்கா, நீங்க பாத்த அந்த ஒரு மணி நேரத்துக்கு நாங்க ஒரு கூட்டமா மாசக்கணக்குல அலைஞ்சோம். அந்தம்மா ஒரு நாள் வந்தாங்க, அழுதாங்க, போயிட்டாங்க."

"எங்க அம்மாவுக்கும் அப்டித் தேட முடியாதா தம்பி?"

"பேரு இல்ல, ஊரு இல்ல, வருஷமும் சரியாத் தெரியலன்றீங்க. பெரிய பெரிய ஆளுங்களுக்கே ஒண்ணும் கிடைக்காம விட்டிருக்கோம். கிடைக்காதவங்க கதை டிவில வராதுக்கா. அதனாலதான் எல்லாருக்கும் கிடைக்கற மாதிரி இருக்கு."

அவன் நல்ல பையன். மனசு கேட்காமல், வயசானவர்களைப் பாருங்கள், அவர்கள் போவதற்குள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

மணிமொழி கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்பவள். அவளுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறிப் பனமலைக்கும் சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் போனாள். மாலையோடு யாரும் நிற்கவில்லை. "உங்க குடும்பத்துல ரொம்ப வருஷம் முன்ன ஒரு பொண்ணு தொலஞ்சி போச்சா?" என்று கேட்டவுடன் எல்லா வீட்டிலும் முகம் மாறியது.

"எந்த சர்வே நம்பருக்கு வந்துருக்கீங்க?" என்று ஒருவர் நேராகவே கேட்டார்.

"நெலத்துக்கு வரலீங்க."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க. பொம்பளப் புள்ளைக்கும் பங்குன்னு சட்டம் இருக்குது இல்ல."

ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை. இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். டிவியில் அந்த நடிகையிடம் யாரும் பட்டாவைப் பற்றிப் பேசவில்லையே என்று பஸ்ஸில் நினைத்துக்கொள்வாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில்தான் தனகோட்டி அகப்பட்டார். ஏரிக்கு அந்தப் பக்கம் சின்ன ஊர். மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்த கிழவர், கேள்வியைக் கேட்டதும் வாசலைத் திரும்பிப் பார்த்தார். மகன் இல்லை என்று தெரிந்த பிறகு பேசினார்.

"எனக்கு அடுத்தவ. பச்சையம்மான்னு பேரு. மலைக்கோயிலுக்குப் போனா நைனா அவளத்தான் தோள்ல தூக்குவாரு, நான் நடந்து வருவேன். அவளுக்குக் கீழ ரெண்டும் பொட்டப்புள்ள. அது பஞ்ச காலம். மலையனூருக்கு அவளக் கூட்டிட்டுப் போன நைனா, திரும்பி வரச்சொல்ல தனியா வந்தாரு."

"தொலஞ்சிட்டாங்களா?"

"தொலஞ்சிடுச்சின்னுதான் சொன்னாரு. ஆனா ஊரு கேட்டா அம்மை போட்டு செத்துடுச்சின்னு சொல்லுன்னாரு. ஏன்னு நான் கேக்கல. எங்கம்மா அதுக்கப்பறம் அவர் கூடப் பேசவே இல்ல."

இதற்கு மேல் அத்தாட்சி எதுவும் இல்லை. இவர்தான் அம்மாவின் அண்ணன் என்று சொல்ல ஒரு கிழவரின் கண்ணீர் மட்டும்தான் இருந்தது. மணிமொழிக்கு அது போதுமாக இருந்தது. கோடியைப் பற்றிச் சொன்னாள்.

"நான் இருக்கச்சொல்ல என் தங்கச்சிக்கு வேற யாரு போடறது," என்றார் தனகோட்டி. "வரேன். முன்னாடியே ஒரு தபா வந்து பாக்கறேன்."

செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. காந்தி பஜார் பக்கம் மாமா வீடு. நேரே அங்கே போய், மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். "கோடி அவங்களே போடறேன்னுட்டாங்க மாமா. இனிமே நீங்க எதுக்கும் கவலப்பட வேணாம்."

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். "சரிம்மா. நல்லதாப் போச்சு," என்றார். பிறகு, காபி குடிக்கிறியா என்று கேட்டார்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "என்னத் தேடுனாங்களாமா?"

"தேடுனாங்களாம்மா."

"செரி." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத அரி கிட்ட பாத்து சொல்லு. பட்டுனு சொல்லிடாத."

"சொல்லிட்டேனேம்மா. சந்தோஷப்பட்டாரு."

அம்மா மகளை வெகுநேரம் பார்த்தாள்.

அந்தப் பொங்கலுக்கு மாமா வரவில்லை. கரும்பும் பானையும் அரிசியும் ஆட்டோவில் வந்து இறங்கின. முழங்கால் வலி என்றார் போனில். மாசி வந்தது, பங்குனி வந்தது. வீட்டுக்கு எதிரே கடை வரை வந்த மாமா உள்ளே வராமல் திரும்பிப் போனதாக ராஜாராம் ஒரு நாள் சொன்னார். அம்மா கட்டிலோடு ஆகிவிட்டாள்.

"அரி ஏன் வரல?" என்பாள் காலையில்.

"வருவாருமா. முட்டி வலியாம்."

"முட்டி வலிக்கறவன் போனுல பேசலாம் இல்ல."

மணிமொழி அப்போதெல்லாம் தனகோட்டிக்குத்தான் போன் செய்துகொண்டிருந்தாள். அடுத்த வாரம் என்றார். அறுப்பு முடியட்டும் என்றார். பிறகு போனை மகன் எடுக்க ஆரம்பித்தான். பிறந்த வீட்டு மனுஷரை ஒரு முறை கண்ணில் காட்டிவிட்டால் அம்மா தெளிந்துவிடுவாள் என்று அவள் நம்பினாள். மாமா வீடு நடக்கிற தூரம். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தாள்.

சித்திரையில் ஒரு விடியற்காலை அம்மா போய்விட்டாள்.

குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று. வெட்டியான் மணி பார்த்தான். மேளக்காரர்கள் தெருமுனையில் காத்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் பந்தலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "பொறந்த வூட்டுக் கோடி எங்கப்பா? வந்துட்டாங்களா?"

மணிமொழி மறுபடியும் போன் போட்டாள். தனகோட்டியின் மகன் ரஞ்சித் எடுத்தான்.

"நைனா வர மாட்டாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஊரு பாக்க கோடி போட்டுட்டா எங்க வூட்டுப் பொண்ணுன்னு ஆயிடும். நாளைக்கு நீங்க இல்லன்னாலும் ஒங்க புள்ளைங்க பங்குன்னு வந்து நிப்பாங்க."

"எழுதிக் குடுக்கறேன் தம்பி. ஒரு பொடவதான்."

"நைனா அழுதுகிட்டுத்தான் இருக்காரு. என்ன பண்றது. வெச்சிடறேன்."

போனைக் கையில் பிடித்தபடி அவள் வாசலுக்கு வந்தாள். பந்தலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஜார்க்காரர்களோடு ஒருவராக மாமா நின்றிருந்தார். கையில் ஒரு சாமந்தி மாலை. தெரிந்தவர் வீட்டுச் சாவுக்கு வருகிறவர்கள் கொண்டு வருவது போன்ற சின்ன மாலை.

அவள் ரோட்டைக் கடந்தாள். "மாமா, ஏன் இங்க நிக்கறீங்க?"

"அவங்க வருவாங்கன்ன. வந்ததும் நானும் வந்து மாலையப் போட்டுட்டுப் போலாம்னு."

"அவங்க வரல மாமா. வர மாட்டாங்க."

மாமா பந்தலைப் பார்த்தார். "வெறுங்கையோட வந்துட்டேனேம்மா. துணிக்கடை வரைக்கும் போனேன். எந்த உரிமையில வாங்கறதுன்னு திரும்பிட்டேன்." மாலையைப் பார்த்தபடி கேட்டார். "அக்கா என்னக் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். மணிமொழியால் முடியவில்லை. "தெனமும் கேட்டாங்க மாமா."

அவர் அப்படியே ரோட்டோரம் குந்திவிட்டார். மாலை மடியில் நசுங்கியது. பஜார்க்காரர்கள் தோளைப் பிடித்தார்கள். மணிமொழி அவர் காலடியில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை.

பிறகு எழுந்தார். ராஜாராமின் வண்டியில் பஜாருக்குப் போனார். துக்கத்துக்குப் பூட்டிவிட்டு வந்திருந்த துணிக்கடையை அவருக்காகத் திறந்து கொடுத்தார்கள். தெருமுனையில் மேளம் முழங்கியது. தாம்பாளத்தில் மஞ்சளும் பூவும் அரக்குச் சேலையும் வைத்து அரிகிருஷ்ணன் முன்னால் நடந்து வந்தார். வழக்கப்படி பந்தலை மூன்று சுற்றுச் சுற்றினார். "பொறந்த வூட்டுக் கோடி" என்று பெரியவர் உரக்கச் சொன்னார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாமா சேலையைப் பிரித்து அம்மாவின் மேல் கால் பக்கத்திலிருந்து போர்த்திக்கொண்டு வந்தார். கழுத்து வரைக்கும் வந்து கை நின்றுவிட்டது.

"மேல இழுத்து மூடுப்பா, நேரமாவுது," என்றார் பெரியவர்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் மாமா. "தை மாசத்துலேர்ந்து நான் இந்த மூஞ்சியப் பாக்கலீங்க."