கூடிப்போன பத்தொன்பது பாட்டில்கள்

மலையேற வருகிறவர்களுக்குச் சுமை தூக்கும் ஐகாண்டே, மலையேறிப்போன ஏழாம் நாள் தேசியப் பூங்காவின் வாசலுக்கு இறங்கி வந்தாள். முதுகில் வழக்கமான மூட்டை, தலையில் இன்னொரு சாக்கு. பனி மூடிய உச்சிக்குக் கீழே ஓடையோரப் பாறையிடுக்குகளில் யார் யாரோ எறிந்துவிட்டுப்போன பாட்டில்களை விரல் மரத்துப்போகப் பொறுக்கி, அதில் அடைத்திருந்தாள். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் அவள் ஊரே குடிக்கிறது.

வாசல் அதிகாரி லியாமூயா, ஏறும்போது அவள் கணக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துக்கொண்டே மூட்டையிலும் சாக்கிலும் இருந்த பாட்டில்களை எண்ணினார்.

"ஏம்மா, ஏறும்போது பன்னெண்டுன்னு எழுதிக் குடுத்தே. இப்ப முப்பத்தொண்ணு இருக்கு. மிச்சத்தை எப்படி ஒளிச்சுக் கொண்டுபோனே?"

"ஒளிக்கலைங்க, மேல கெடந்ததைப் பொறுக்கினேன். பாருங்க, பாசி புடிச்சிருக்கு."

"பாசியை எழுத இதுல கட்டம் இல்ல. கொறைஞ்சாலும் குத்தம், கூடினாலும் குத்தம். மூணு மாசம் மலைப்பக்கம் வராதே."

அவளுடைய அனுமதி அட்டையை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"அப்ப அங்கேயே விட்டுட்டு வந்திருந்தா?"

"உனக்கும் தொல்லையில்ல, எனக்கும் தொல்லையில்ல. இந்நேரம் வீட்டுல உட்கார்ந்து உகாலிக் களி தின்னுட்டிருப்பே."

ஐகாண்டே திரும்பிப் பார்த்தாள். அவளைப் பார்த்துத் தாங்களும் வழியெல்லாம் குப்பை பொறுக்கிவந்த மூன்று சுமைக்காரர்கள் வரிசையை விட்டு விலகிப் புதரோரம் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் சீட்டில் எழுதிய அளவு பாட்டில்களை மட்டும் சாக்கில் வைத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் ஓடிய அதே ஓடைக்குள் எறிந்தார்கள். எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று, ஒவ்வொன்றாக எண்ணி எறிந்தார்கள்.