பத்தொன்பது ஒன்றுகள்

யார் எண்ணிக் கொடுத்தாலும் வெல்கோ தானும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார். கல்தச்சன் மிஞ்சோவின் முற்றத்தில் மகளின் கல்லறைக் கல்லைப் பார்த்ததும் முதலில் விரலைத்தான் வைத்தார். சேவ்தாவின் பெயருக்குக் கீழே, ஸ்லிவென் ஊரில் எல்லோரும் கவிதை வெட்டச் சொல்லும் இடத்தில், ஒன்று என்ற இலக்கமே வரிசையாக ஓடியது. எண்ணினார். மறுபடியும் எண்ணினார். இருபது.

"டேய் மிஞ்சோ, நான் பத்தொம்போதுதானே சொன்னேன்?"

"சொன்னீங்கண்ணே. செத்தவங்களுக்கு ஒத்தைப்படை ஆகுமா? பூவே ரெட்டையாத்தான் வைக்கிறோம். துக்கத்துல தப்பாச் சொல்லிட்டீங்கன்னு நானே ஒண்ணு சேர்த்தேன்."

வெல்கோ கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்தொன்பது ஒன்றுகளை அடுத்தடுத்து எழுதினால் வரும் எண்ணை, ஒன்றாலும் அதே எண்ணாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சேவ்தா இதைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. காய்கறி வாங்கிய காகிதப் பையைக் கிழித்து, அதன் மேல் வகுக்க உட்கார்ந்தார். மூன்றால் வகுத்தார், ஒன்று மிஞ்சியது. ஏழு, பதினொன்று, பதிமூன்று, எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே மிஞ்சியது. பதினேழுக்கு ஒன்பது மிஞ்சியதும் பென்சிலைப் போட்டுவிட்டார்.

"என்னப்பா, எண்ணை உடைக்கிற திருடன் கிடைச்சானா?"

"உங்க வாத்தியார் புளுகியிருக்கான். இத்தாம் பெரிய எண்ணுல எங்கயாவது ஓட்டை இருக்கும்."

"தேடுங்க. உங்க ஆயுசு பத்தாது."

பத்தாமல் போனது அவள் ஆயுசுதான். ரத்தப் புற்று. ஆஸ்பத்திரியில் கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கவிதையெல்லாம் வேண்டாம்ப்பா. அந்த எண்ணைப் போடுங்க. யாராலயும் உடைக்க முடியாத ஒண்ணாவது என்கூட இருக்கட்டும்."

போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். நாளைக்கு வருஷ நினைவு. கல்லை நட்டாக வேண்டும்.

"இங்க பார்" என்று மிஞ்சோவைக் கூப்பிட்டு, இலக்கங்களை இரண்டிரண்டாக விரலால் பிரித்துக் காட்டினார். "பதினொண்ணு, பதினொண்ணு, பதினொண்ணு. கடைசிவரை இப்படியே போவுது. மிச்சமே இல்ல. பதினொண்ணால சின்னப் பிள்ளைகூட வகுத்துடும். கடைசியைச் செதுக்கி எடு."

"குழி விழும்ணே. அதோட ஒத்தைப்படை உயிரோட இருக்கறவங்களுக்கு. ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஊரா அவளைப் பெத்துது? உளியைக் குடு."

உளியை வாங்கி, கடைசி ஒன்றின் மேல் கோணலாக வைத்தார். மிஞ்சோ அதைத் திரும்ப வாங்கி, தானே செதுக்கினான். பளிங்கில் கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம் விழுந்தது. வெல்கோ இன்னொரு தடவை எண்ணினார்.

காலையில் சந்தைக்குப் போய் வெள்ளைக் கார்னேஷன் பூ பத்தொன்பது கேட்டார். பூக்காரி சின்னப் பெண். எடுத்து அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஒத்தைப்படையா வாங்குறீங்களே, யாருக்குப் பொறந்தநாள் ஐயா?"

அவள் அடுக்கிய பூக்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"மகளுக்கு."

"அப்ப வெறும் தாள்ல சுத்தக் கூடாது" என்று சிவப்பு நாடா எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

அவருடைய ஒரு கையில், கல்லறைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேகவைத்த கோதுமை இருந்தது. அவள் கண்ணில் படாதபடி அதைக் கோட்டுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.