படகு கவிழும் இடத்தில் சத்தம் இல்லை

1
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: சிரிப்புக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். சினிமா பேசத் தொடங்கிய காலத்துக் குட்டிப் படம் ஒன்று யூடியூபில் அகப்பட்டது. ஐந்து வாண்டுகள் வீட்டில் சொல்லாமல் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். கூடாரம் தலையில் விழுகிறது, மாடு துரத்துகிறது, படகு கவிழ்கிறது. ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோப் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம் இதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

2
மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலுக்கு வெளியே...

(வேண்டாம். ஆக்லாந்தில் மழை பெய்தது என்று எழுதுவது, சோற்றுப் பானையில் சோறு இருந்தது என்று எழுதுவதுபோல.)

பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் கேம்ப். கயாக் என்கிற சின்னப் படகு ஓட்டுவார்களாம். பத்து வயது ஆரணன் போயே தீருவேன் என்கிறான். அவனுடைய அம்மா கஜானி விடமாட்டேன் என்கிறாள். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்பா பிரதாபன் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. மனைவியைச் சிரிக்க வைத்தால் பாதி வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டு, இந்தப் படத்தைப் போட்டான்.

3
கூடாரம் விழுந்தபோது கஜானி சிரித்தாள். மாடு துரத்தியபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு படகு கவிழ்ந்தது. அந்த இடத்தில் படத்தில் சத்தமே இல்லை.*

பிள்ளைகள் ஆவென்று வாயைத் திறந்து கத்துகிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. தகப்பனும் மகனும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கஜானி ரிமோட்டை எடுத்து வால்யூமைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள்.

(* வெட்டவெளியில் ஒலி பிடிப்பது அந்தக் காலத்தில் பெரும்பாடாக இருந்திருக்கும். அல்லது பிரதி பழுது. இதைக் கஜானிக்குச் சொல்லிப் பயனில்லை.)

4
சிறுவயதில் இடம்பெயர்ந்து தோணியில் வந்தபோது அவளுடைய தம்பி...

பாதியில் நிறுத்திவிட்டேன். ஈழத்துப் பெண் ஒருத்தி பயந்தால் உடனே யுத்தத்தைத் தேடிப் போகிற கை என்னுடையது. கஜானி என் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளையை நினைச்சுப் பயப்பிட எனக்கு யுத்தம் வேணுமோ?"

வெட்கமாகப் போயிற்று. அவள் தலைநகரில், கடலோர வெள்ளவத்தையில் வளர்ந்தவள். கடல் அவளுக்குக் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நடக்கிற இடம், அவ்வளவுதான். எல்லா அம்மாக்களையும்போலத்தான் பயப்படுகிறாள்.

5
அவள் படத்தை நிறுத்திவிட்டு மகனிடம் கேட்டாள்: "நீ அங்க நிண்டு கத்தினா எனக்குக் கேக்காது, என்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆரணன் யோசித்து, "நோ, அம்மா," என்றான். பிறகு, வழக்கமாக வாயில் வராத தமிழைத் தேடிப் பிடித்து, "மிஸ்ஸுக்குக் கேக்கும்," என்றான்.

அது ஆறுதலா, அடியா என்று கஜானிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

6
முடிவு ஒன்று எழுதினேன்: "ஓம், போயிட்டு வா" என்கிறாள். அது பிரதாபனுக்குப் பிடித்த முடிவு. இன்னொன்றும் எழுதினேன்: விடவில்லை, அந்த மூன்று நாளும் ஆரணன் வேறொரு வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு படத்துக்கு வண்ணம் தீட்டுகிறான். பாவமாக இருந்தது, அழித்துவிட்டேன்.

ஆரணன் சோபாவுக்கு முன்னால் நிற்கிறான். கஜானி அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பதிலைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, நீங்களே சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: போகட்டும் என்று சொல்கிறவர், அந்த மூன்று இரவும் அவளோடு விழித்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்கிறவர், இப்போதே அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.