பத்தின் தலைமேல் பூஜ்யம்

முதல் அடியிலேயே சந்திரமோகனின் கீழ்ப்பல் இரண்டு தெறித்துவிட்டன. கம்பியை இன்னும் கையில் எடுக்கவில்லை. வெறும் முஷ்டியால் ஜெரால்ட் விட்ட அடி அது. மோசஸைப் புதைத்த மண் அவன் நகக்கண்ணில் அப்படியே இருந்தது. குழிக்குள் பிடிமண் போட்ட கையைக் கழுவாமல் கல்லறையிலிருந்து நேராக வந்திருந்தான்.

மோசஸ் அவன் தங்கை ஏஞ்சலின் புருஷன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் கழிவுத் தொட்டிக்குள், செவ்வாய்க்கிழமை காலையில், சகதி அள்ள இறங்கினான். மூன்று வாளி மேலே வந்தது. நாலாவது வரவில்லை. இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது மோசஸ்தான் வந்தான், வாயெல்லாம் நுரையோடு. முப்பத்து நாலு வயசு, இரண்டு பிள்ளைகள்.

தொட்டியில் கேஸ் இல்லை என்பது ஜெரால்டுக்கு அடித்துச் சொல்லக்கூடிய விஷயம். மீட்டர் வைத்துப் பார்த்தவனே அவன்தான். எட்டுப் பேர் கொண்ட அந்தக் கான்ட்ராக்ட் கோஷ்டிக்கு அவன் மேஸ்திரி. கேஸ் இல்லாத தொட்டிக்குள் ஆள் எப்படிச் சாவான்? பக்கத்துத் தொட்டியின் வால்வை எவனோ திறந்துவிட்டிருக்கிறான், கம்பெனி அவனை மூடி மறைக்கிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, ஜெரால்டின் முயலுக்கும் மூன்று கால்தான். வால்வைத் திறந்தவன் பெயர் சேஃப்டி ஆபீசர் சந்திரமோகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கக்க வைக்கத்தான் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தவனை மறித்துக் குட்டியானை லோடு வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, எளாவூருக்கு இந்தப்பக்கம் மூடிக்கிடக்கும் லாரி ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மணி மூன்றுகூட ஆகவில்லை. வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன, உள்ளே எவன் கத்தினாலும் கேட்காது.

கூட இருந்தவன் சின்னதுரை, மோசஸின் தம்பி. இருபத்தாறு வயசு. அண்ணனைத் தொட்டியிலிருந்து இழுத்த கயிறு உரசி அவன் உள்ளங்கைத் தோல் உரிந்து போயிருந்தது. அந்தக் கையில் ஒன்றரை முழக் கம்பி இருந்தது.

"வால்வ தொறந்தவன் யாரு?" என்றான் ஜெரால்ட்.

"யாரும் தொறக்கல ஜெரால்டு. சத்தியமா."

சின்னதுரை கேள்வி கேட்பவன் இல்லை. கம்பி சந்திரமோகனின் முழங்காலில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் ஷெட்டின் தகரத்தில் மோதித் திரும்பியது. அவன் தரையில் உருண்டான். எண்ணெய்க் கறை பிடித்த சிமெண்டுத் தரையில் ரத்தமும் எச்சிலும் ஒழுகின.

"எங்கண்ணன் உள்ள துடிச்சிக்கினு இருந்தப்ப நீ ஏசி ரூம்ல நாஷ்டா துன்னுக்கினு இருந்தியாடா?" என்று சின்னதுரை அவன் விலாவில் உதைத்தான். "நெலம் நீச்சுனு இருக்கற ஊட்டுப் புள்ள. எங்க உசுரு உனக்கு இன்னாத்துக்கு?"

சந்திரமோகன் திருவாலங்காட்டுப் பக்கத்தில் நெல் விளையும் வீட்டுப் பிள்ளை என்பது உண்மை. ஜெரால்டின் அப்பனும் சின்னதுரையின் அப்பனும் அதுபோன்ற வீடுகளின் வயலில் கூலிக்கு வரப்பு வெட்டியவர்கள் என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்து அந்த உதையில் இருந்தன.

இரண்டாவது உதைக்கு முன்னால் ஜெரால்ட் தடுத்தான். பெயர் வராமல் ஆள் போய்விடக் கூடாது. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தான். உள்ளே பர்மிட்டின் மஞ்சள் நகல் இருந்தது. தொட்டிக்குள் இறங்குமுன் மேஸ்திரி மீட்டர் கணக்கை எழுத வேண்டும், ஆபீசர் கீழே கையெழுத்துப் போட வேண்டும், மஞ்சள் நகல் மேஸ்திரியிடம் இருக்கும். மூன்று நாளாக அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்தான். அவனுக்கு அதுதான் சாட்சி.

"பாத்துக்கோ. இது என் கையெழுத்து, கீழ உன் கையெழுத்து. கேஸ் சைபர்னு நீயே ஒத்துக்கினு கீற. அப்பறம் எங்கருந்து வந்துச்சு கேஸு?"

சந்திரமோகன் வீங்கிய கண்ணைத் திறந்து காகிதத்தைப் பார்த்தான். ஜெரால்டின் கொட்டை எழுத்தில் ஒரே வரி.

90 × 10⁰ = 0

அவன் முனகல் நின்றது. வரியை இன்னொரு தரம் படித்தான். பிறகு ஜெரால்டின் முகத்தைப் பார்த்தான்.

"இத நீயா எழுதின?"

"பின்ன உங்கப்பனா எழுதினான்? நீதான சொல்லிக் குடுத்த. முள்ளு காட்டற நம்பர குமிழ்ல கீற நம்பரால பெருக்குனு."

அது உண்மை. எப்போதும் வைத்திருக்கும் மீட்டர், எண்ணை நேராகத் திரையில் காட்டும். அது பழுதாகி, செவ்வாயன்று காலையில் ஸ்டோரிலிருந்து ஒரு பழைய முள் மீட்டரைக் கொண்டுவந்தார்கள். அதன் திருகுக் குமிழில் மூன்று குறிகள்: 10², 10¹, 10⁰. சந்திரமோகன் நின்ற நிலையில் இரண்டு நிமிஷம் விளக்கினான். பத்துக்கு மேல் வந்தால் தொட்டிக்குள் கால் வைக்கக் கூடாது என்றான். புரிந்ததா என்று கேட்டான். எல்லாரும் ஜெரால்டைப் பார்த்தார்கள். கோஷ்டியில் பத்தாம் வகுப்புப் பாஸ் பண்ணியவன் அவன் ஒருவன்தான். "புரிஞ்சிது சார்" என்றான். புரியவில்லை என்று சொல்ல மேஸ்திரிக்கு வாய் வருமா?

"ஜெரால்டு, இது சைபர் இல்ல" என்றான் சந்திரமோகன். "தொண்ணூறு."

"பத்து மேல சைபர் போட்டுக்கீது. பத்துன்றத ஒரு தடவகூட போடாதன்னுதான அர்த்தம்? ஒண்ணுமே இல்லாததால பெருக்கினா ஒண்ணுமே இல்ல. மூணாங்கிளாஸ் புள்ளகூட சொல்லும்."

"இல்ல. சாக்பீஸ் இருக்குதா?"

சுவரோரம் டயர்களுக்கு நம்பர் போடும் சாக்பீஸ் ஒன்று கிடந்தது, ஜெரால்ட் எடுத்துக் கொடுத்தான். சந்திரமோகனின் வலது கை விரல்கள் அடிபட்டுக் கோணிப் போயிருந்ததால் இடது கையால் தரையில் எழுதினான். சாக்பீஸின் பாதி ரத்தத்தில் நனைந்தது.

"பத்து மேல மூணு போட்டா ஆயிரம். ரெண்டு போட்டா நூறு. ஒண்ணு போட்டா பத்து. மேல இருக்கற நம்பர் ஒண்ணு எறங்கினா இன்னா ஆவுது பாரு. ஆயிரம் நூறாவுது. நூறு பத்தாவுது. ஒவ்வொரு வாட்டியும் பத்தால வகுக்கறோம். இப்ப மேல இருக்கற ஒண்ணு சைபராவுது. பத்த பத்தால வகுத்தா எவ்ளோ?"

ஜெரால்ட் தரையில் இருந்த எண்களைப் பார்த்தான்.

"சொல்லு. எவ்ளோ?"

"ஒண்ணு."

"அவ்ளோதான். சைபர் இல்ல, ஒண்ணு. தொண்ணூற ஒண்ணால பெருக்கினா தொண்ணூறு. பத்துக்கு மேல கூடாதுன்ற எடத்துல தொண்ணூறு. சகதிய கலக்கறப்ப இன்னும் பொங்கியிருக்கும்."

ஜெரால்ட் அவன் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினான். படித்தவன் ஆயிரம் வித்தை காட்டுவான், பத்தை வைத்து ஏதோ ஏமாற்றுகிறான் என்று பட்டது. குந்தி உட்கார்ந்து இரண்டை வைத்துப் போட்டுப் பார்த்தான். எட்டு. நாலு. இரண்டு. அடுத்தது ஒன்று. எச்சிலைத் தொட்டு அழித்துவிட்டு ஐந்தை வைத்துப் போட்டான். நூற்றிருபத்தைந்து, இருபத்தைந்து, ஐந்து, ஒன்று. மூன்றை வைத்துப் போட்டான். கடவுளே, ஏதாவது ஒரு எண்ணில் பூஜ்யம் வந்துவிடாதா என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது. இருபத்தேழு, ஒன்பது, மூன்று. எதை எடுத்தாலும் கடைசியில் அந்த ஒன்று வந்து நின்றது.

அன்று காலை அவன் மீட்டரைத் தொட்டியின் வாயில் பிடித்திருந்தான். முள் ஏறிப்போய் தொண்ணூறில் நின்றது. கோஷ்டி பயந்து பின்வாங்கியது. அவன் சிரித்தான். குமிழைக் காட்டி, மேலே சைபர் இருக்கிறது பார், பெருக்கினால் ஒன்றுமே இல்லை என்று பாடம் நடத்தினான். மோசஸ் மாஸ்க்கை எடுத்தபோது, "சைபர்னா மாஸ்க் எதுக்கு மச்சான், உள்ள வேர்த்துக் கொட்டும்" என்று சொன்னதும் அவன்தான்.

"நீ கையெழுத்துப் போட்டியேடா" என்றான் ஜெரால்ட். "தப்புனு தெரியுதுல்ல? படிச்சவன்தான நீ? இத பாத்துட்டா போட்ட?"

சந்திரமோகன் கண்ணை மூடிக்கொண்டான். "பாக்கல. காலைல பதினேழு பர்மிட்டு வந்துச்சு. எதையுமே பாக்கல."

ஜெரால்டுக்குள் ஏதோ அறுந்தது. இரண்டு கையாலும் அவன் குரல்வளையைப் பிடித்தான். ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதும். ஒரே ஒரு நிமிஷம். பெருவிரல்கள் உள்ளே இறங்கின. சந்திரமோகனின் நாக்கு வெளியே வந்தது, குதிகால் தரையில் டக்டக்கென்று அடித்தது. முகம் நீலம் பாரித்தது. மோசஸைக் கயிற்றில் இழுத்தெடுத்தபோது அவன் முகமும் இதே நிறத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் ஜெரால்டின் கை தானாக விட்டுவிட்டது. இவன் பார்க்காமல் கொன்றான். நான் பார்த்தே கொன்றேன்.

"இன்னா மாமா?" என்றான் சின்னதுரை ஷட்டர் பக்கத்திலிருந்து. அவனுக்கு அந்தச் சாக்பீஸ் கணக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. "இன்னாத்த எழுதினு கீறீங்க? பேர சொன்னானா இல்லியா?"

ஜெரால்டின் கண் மஞ்சள் காகிதத்தில் இருந்தது.

"பொய்தான சொல்றான்? நீ தள்ளு மாமா. மண்டைய பொளந்துட்டு போய்க்கினே இருக்கலாம்." சின்னதுரை வந்து கம்பியைத் தலைக்கு மேல் தூக்கினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆனால் அந்த ஆத்திரத்தை மூன்று நாளாக ஊட்டி வளர்த்தது யார்?

ஆமாம், பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சந்திரமோகனின் வாய் நிரந்தரமாக மூடிவிடும். மஞ்சள் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். கோஷ்டியில் மிச்சமிருப்பவர்களில் எவனுக்கும் இது விளங்கப் போவதில்லை. ஏஞ்சல் சாகிறவரை அண்ணன் தன் புருஷனுக்காகப் பழி வாங்கினான் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். அவ்வளவும் ஒரு நொடியில் ஜெரால்டின் மனசில் ஓடிற்று. ஓடியதற்காகத் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

கம்பி இறங்கியபோது கையைக் குறுக்கே கொடுத்தான். முன்கை எலும்பு இரண்டாக முறிந்தது.

"பைத்தியமா உனக்கு?" என்று சின்னதுரை கத்தினான்.

"வால்வ எவனும் தொறக்கலடா" என்றான் ஜெரால்ட், தொங்கும் கையைப் பிடித்துக்கொண்டு. "உள்ள கேஸ் இருந்துச்சு. மொதல்லருந்தே இருந்துச்சு. மீட்டர் சரியாதான் காட்டுச்சு. நான்தான் தப்பா போட்டேன். சைபர்னு நான்தான் சொன்னேன். உங்கண்ணன எறக்குனது நான்தான் நைனா."

சின்னதுரைக்கு முதலில் புரியவில்லை. தரையில் கிடந்தவனைப் பார்த்தான், சாக்பீஸ் எண்களைப் பார்த்தான், ஜெரால்டைப் பார்த்தான். புரிந்ததும் அவன் கத்தவில்லை. கம்பியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினான். தோளில், முதுகில், தொடையில். ஜெரால்ட் தலையைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு அடிக்கும் சின்னதுரை "மாமா, மாமா" என்று அழுதான். தோலுரிந்த கையிலிருந்து ரத்தம் வழிந்து பிடி வழுக்கும்வரை அடித்தான். பிறகு கம்பி எங்கோ போய் விழுந்தது.

சந்திரமோகன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "நான் போலீஸ்ல சொல்றேன்" என்றான். "என் கையெழுத்தும் இருக்குது, அதையும் சொல்றேன்." யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சின்னதுரை போனை எடுத்து நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஜெரால்டின் முகத்துக்கு நேராகத் தரையில் வைத்தான்.

"அண்ணிகிட்ட சொல்லு."

மணி போயிற்று. பின்னால் ஜெபம் சொல்லும் குரல்களுக்கு நடுவே ஏஞ்சலின் குரல் வந்தது. அழுது அழுது கம்மிப்போன குரல். "இன்னாண்ணா? யாருனு சொன்னானா அவன்?"

ஜெரால்ட் சொன்னான். பத்தின் மேல் போட்ட பூஜ்யத்தை, தொண்ணூறை, மாஸ்க் வேண்டாம் என்றதை, எதையும் விடாமல், வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பித் துப்பிச் சொன்னான். லைன் போய்விட்டதோ என்று சின்னதுரை குனிந்து பார்த்தான்.

"எறங்கறதுக்கு முன்னாடி அந்தக் காயிதத்த அவரு பாத்தாராண்ணா?" என்று ஏஞ்சல் கேட்டாள்.

"காட்டினேன்."

"இன்னா சொன்னாரு?"

ஜெரால்ட் தரையில் நெற்றியை வைத்தான். உடைந்த கை அடியில் மாட்டிக்கொண்டது. அந்த வலிகூட அவனுக்குத் தெரியவில்லை.

"'எனக்கு இன்னா தெரியும், நீ சொன்னா சரிதான் மச்சான்'னு சொன்னாரு. சொல்லிட்டு எறங்கினாரு."