பை அறை ஜனார்த்தனன்

ஜெயரூபி இரண்டு புட்டுப் பார்சல் கட்டினாள். போவது அவள் ஒருத்திதான்.

"மற்றது ஆருக்கு?" என்றான் புருசன் கிருசாந்தன்.

"ஜனார்த்தனனுக்கு."

மாதம் ஒருமுறை தையல்கடைக்குத் துணி எடுக்க, புருசனைக் கண்டாவளையில் விட்டுவிட்டு, கிளிநொச்சியில் இரவு ரயில் ஏறிக் கொழும்புக் கோட்டைக்குப் போவாள். அந்த ஸ்டேசனில் பயணிகளின் பைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில் வேலை செய்பவன் ஜனார்த்தனன். திரும்பி வந்தால் இரண்டு நாளைக்கு அவன் கதைதான். முகம் கழுவ ஓய்வறையைக் காட்டினானாம். திரும்பும் ரயிலுக்குச் சீட் பதியும் கவுண்டர் வரை கூட்டிப்போனானாம்.

இந்த முறை கிருசாந்தன் அவளுக்குத் தெரியாமல் அதே ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏறினான். வவுனியா தாண்டியும் கண் மூடவில்லை. ஜனார்த்தனனுக்கு மீசை இருக்குமா என்றே யோசித்துக்கொண்டிருந்தான்.

இருந்தது. விடிய, வெள்ளைக்காரர் காலத்து இரும்புத் தூண் ஒன்றின் பின்னால் நின்று பார்த்தான். ஜெயரூபி தகவல் கூண்டையும் சிற்றுண்டிச்சாலையையும் தாண்டி நேரே பை அறைக்குப் போய்ப் பார்சலைக் கொடுத்தாள். மீசைக்காரன் ஏதோ சொன்னான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கண்டு எத்தனை வருசம்?

அவள் கடைத்தெருவுக்குப் போனதும் கிருசாந்தன் தன் பையோடு பை அறைக்குப் போனான். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த ஜனார்த்தனன் முகம் மலர்ந்தான்.

"கண்டாவளையோ? ஜெயரூபி அக்கான்ர ஊர். தெரியுமோ?"

"தெரியும்."

"அவான்ர மனிசன் குடுத்து வைச்சவர், இந்தப் புட்டை நாளும் தின்னுறார் எண்டு இப்பதான் சொன்னனான். விழுந்து விழுந்து சிரிக்கிறா. அந்த மனிசன் ஒருநாளும் நல்லாயிருக்கு எண்டு சொன்னதில்லையாம்."

'அக்கா'வில் ஆறிய வயிறு மறுபடி எரிந்தது. பதினொரு வருசத்தில் தான் சொல்லாததை இவன் ஒரு வாய்ப் புட்டுக்குச் சொல்லிவிட்டான்.

கிருசாந்தன் அங்கேயே குந்தியிருந்தான். துணி மூட்டைகளோடு வந்த ஜெயரூபி அவனைக் கண்டு நின்றாள்.

"நீங்கள் என்னண்டு இஞ்ச?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "சந்தேகப்பட்டு வந்தனான்."

"இவரோடயோ?"

"ஓம்."

ஜனார்த்தனன் குனிந்து, இல்லாத பை ஒன்றைத் தேடத் தொடங்கினான்.

"ஒருக்கா என்னோட கொழும்புக்கு வாங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டனான். வயல் வேலை எண்டியள். இதுக்கு மட்டும் வயல் இல்லையோ?"

அவள் பெரிய மூட்டையைத் தூக்கி கிருசாந்தனின் தோளில் வைத்தாள்.

"அடுத்த மாசமும் சந்தேகப்படுங்கோ. துணி சரியான பாரம்."