காபி மட்டும் போட்டவள்

கண்மணிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அறையாது. அன்றைக்குச் சமையல் வழக்கத்தைவிட ருசியாக இருக்கும், அவ்வளவுதான். கட்டிய கணவன் மகாதேவன் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் அந்தச் சனிக்கிழமை விருந்தில் அப்படி வாயை விட்டிருக்க மாட்டார்.

விஷயம் ஒரு பாத்ரூம் தரை. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அவர்கள் வாங்கிய வீட்டின் மாடி பாத்ரூமில் குளிர்காலம் வந்தால் கால் வைக்க முடியாது. மகள் ப்ரியம்வதா தினமும் குளிக்க மாட்டேன் என்று ஒரு போராட்டமே நடத்தினாள். டைலுக்கு அடியில் கரண்ட் கம்பி ஓடவிட்டுத் தரையைச் சூடாக்கலாம் என்று கண்மணி படித்துவிட்டு வந்து சொன்னாள். "எதுக்கு இந்த வேண்டாத வேலை? சாக்ஸ் போட்டுக்கச் சொல்லு" என்றார் மகாதேவன். கோயம்புத்தூரில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, விசா சிக்கலில் வேலைக்குப் போக முடியாமல் வருடக்கணக்காகச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த கை கண்மணியுடையது. அவளே இறங்கிவிட்டாள்.

பழைய டைலை உடைத்துப் பெயர்த்தது அவள். கம்பி தைத்த வலைப்பாயை விரித்து, ஒரு கம்பிமேல் இன்னொன்று ஏறிவிடாமல் முட்டி போட்டு ஒட்டியது அவள். கம்பியின் முனைகளில் ஒரு சின்ன அலாரம் பெட்டியை மாட்டி வைக்க வேண்டும். வேலை நடக்கும்போது எங்காவது கம்பி அறுந்தால் அது கத்தி ஊரைக் கூட்டும். அதற்குப் பயந்து, கம்பிக்கு மேல் கலவை பூசுவதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் கொத்துக்கரண்டி வாங்கினாள். இரும்புக் கரண்டி பட்டால் கம்பி தோல் கிழிந்து அறுந்துவிடும். டைல் பதித்து முடிக்கும்வரை அலாரம் வாயே திறக்கவில்லை. இணைப்புக் கொடுக்க வந்த எலெக்ட்ரீஷியன் மீட்டரைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். அன்று அவள் முட்டி இரண்டும் தோல் உரிந்து எரிந்தது. ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் இந்த நாட்டுக்கு வந்த பிறகு அனுபவித்ததில்லை.

இந்த வேலைக்கு நடுவில் மகாதேவன் மாடிக்கு வந்தது ஒரே ஒரு தடவை. "கொஞ்சம் நகரு, ஃப்ரேம்ல வர்ற" என்று அவளை ஓரங்கட்டிவிட்டு, அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு செல்ஃபி எடுத்தார். பிறகு கீழே போய் மேட்ச் பார்த்தார்.

அந்தப் படம் எங்கே போனது என்பது தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை தெரிந்தது. விருந்துக்கு வந்தவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பை விட்ட கையோடு, "எங்கப்பா உன்னோட வீக்கெண்ட் ப்ராஜெக்ட்?" என்று மாடி ஏறினார்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் முழுக்க அதுதான் பேச்சாம். கோயிலில் கர்ப்பக்கிரக தரிசனத்துக்கு விடுவதுபோல் மகாதேவன் நாலு நாலு பேராக உள்ளே அனுப்பினார். வெறுங்காலோடு நின்று, கண்ணை மூடி, ஆகா என்றார்கள். அவருடைய ஆபீஸ் டைரக்டர் சேனாபதி வெளியே வரவே மனசில்லாமல் நின்றார்.

"நீயேவா போட்ட? ஆள் வெக்கலியா?"

"நானேதான் சார். வயரிங், டைலிங் எல்லாமே. கண்மணி மாரல் சப்போர்ட். அப்பப்போ காபி போட்டுக் கொடுத்தா, அவ்வளவுதான்."

"நோ! அம்மா டிட் இட்" என்றாள் ப்ரியம்வதா.

எல்லாரும் சிரித்தார்கள். "அம்மா செல்லம்!" என்று யாரோ அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். மகாதேவனும் சேர்ந்து சிரித்தார். குழந்தை முகம் சிறுத்துப்போய் அம்மாவைப் பார்த்தது. காபித் தட்டோடு படியில் நின்ற கண்மணி அந்த முகத்தைப் பார்த்தாள். தன் உழைப்பை விழுங்கியதைக்கூடப் பொறுத்திருப்பாள். நிஜம் சொன்ன குழந்தையைப் பொய்யாக்கிச் சிரித்தாரே, அதற்கு இந்த மனிதரை விடக்கூடாது என்று அந்தப் படியிலேயே முடிவு செய்தாள்.

"எங்க மாஸ்டர் பாத்ரூமும் ஐஸ்கட்டிதான்" என்று அலுத்துக்கொண்டாள் சேனாபதியின் மனைவி ஷ்யாமளா.

கண்மணி தட்டை நீட்டினாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "ஏன்க்கா கவலைப்படறீங்க? அவரே வந்து போட்டுக் கொடுப்பார். டிசம்பர்ல லீவுதானே, இல்லீங்க?"

மகாதேவன் கையில் வாங்கிய காபி அப்படியே நின்றது. சேனாபதி அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி நாள் குறித்துவிட்டார். அதற்குப் பிறகு கண்மணி கிளறி இறக்கிய பிரியாணியை எல்லாரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

விருந்தாளிகள் போன பிறகு மகாதேவன் சிங்க் பக்கம் வந்து நின்றார். "ஏன் அப்படிச் சொன்ன? சரி, நீயும் வா. நீ போடு, நான் கூட நிக்கறேன்."

"ஐயோ, எனக்கென்னங்க தெரியும்? நான் காபி போடறேன்" என்றாள் கண்மணி.

அதற்குப் பிறகு மூன்று வாரம் மகாதேவன் கண்ணில் தூக்கமில்லை. வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். வாய்விட்டுக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. கடைக்குப் போய்ப் பளபளவென்று ஒரு இரும்புக் கரண்டி வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். செல்ஃபியில் தான் பிடித்திருந்தது பிளாஸ்டிக் என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை! கண்மணி அந்தக் கரண்டியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறுந்த கம்பியை ஒட்டுப்போடும் ரிப்பேர் கிட் ஒன்றைத் தேடி வாங்கி, கம்பியைச் சோதிக்கும் மீட்டரோடு சேர்த்துத் தன் ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டாள்.

குறித்த நாளில் ஷ்யாமளா இன்னும் இரண்டு குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். லைவ் டெமோவாம். மகாதேவன் பாயை விரித்து, கம்பியை வளைத்து, அலாரம் பெட்டியை மாட்டும்வரை ஒரு வழியாக ஒப்பேற்றிவிட்டார். பாத்ரூம் வாசலில் நின்றவர்கள் படம் எடுத்தார்கள். கண்மணி கீழே ஷ்யாமளாவின் சமையலறையில் டிகாக்‌ஷன் இறக்கிக்கொண்டிருந்தாள். மனசுக்குள் ஒரு குரல், போய்ச் சொல்லிவிடு, அடுத்தவர்கள் வீட்டுத் தரை அது என்றது. அந்தக் குரலை அவள் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டாள்.

மாடியில் அலாரம் வீறிட்டது.

போகிற உயிர் போடும் சத்தம் போலிருந்தது. "கண்மணி!" என்று மகாதேவன் கத்தியது அதற்கும் மேலே கேட்டது. அவள் காபியை நுரை பொங்க ஆற்றி, டம்ளரை டபராவில் வைத்து, நிதானமாகப் படி ஏறினாள். பாத்ரூமில் பாதித் தரைக்குக் கலவை பூசியிருந்தது. அதன் நடுவில் மகாதேவன் முட்டி போட்டபடி பேய்முழி முழித்தார். பக்கத்தில் இரும்புக் கரண்டி கிடந்தது. சேனாபதி காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"காபிங்க" என்று டபராவை நீட்டினாள் கண்மணி.

"காபியா? வயர் கட் ஆயிடுச்சு கண்மணி! எங்கன்னே தெரியல. ஏதாவது பண்ணு."

"எனக்கு அதுதானேங்க தெரியும்?" அவள் குனிந்து அவர் காதருகே பேசினாள். "கலவை இறுகிட்டு இருக்கு. இறுகிட்டா சார் வீட்டுத் தரையை உடைச்சுத்தான் எடுக்கணும். நான் சரி பண்ணிடுவேன். நம்ம வீட்டுத் தரையை யார் போட்டான்னு முதல்ல சொல்லுங்க."

மகாதேவன் அவளைப் பார்த்தார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கலீங்க. அலாரம் கத்துது பாருங்க."

"நீதான்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

கலவையின் ஓரம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. மகாதேவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இருந்த கோபம், பயம், அவமானம் எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினார். அவர் வாயைத் திறந்ததைப் பார்த்துக் கண்மணி கையை நீட்டி அலாரம் பெட்டியைக் கழற்றினாள்.

"எங்க வீட்டுத் தரையைப் போட்டது கண்மணி! நான் ஒண்ணுமே பண்ணல!"

அலாரம் நின்றுபோயிருந்தது. கீழே சாப்பாட்டு மேஜையில் இருந்தவர்களுக்கும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. சேனாபதி காதிலிருந்து கையை எடுத்தார். யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கூட்டத்தின் கால்களுக்கு இடையில் புகுந்து முன்னால் வந்த ப்ரியம்வதா, "ஐ டோல்ட் யூ" என்றாள். இந்தத் தடவை யாரும் அவள் கன்னத்தைக் கிள்ளவில்லை.

கண்மணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஹேண்ட்பேகிலிருந்து மீட்டரையும் ரிப்பேர் கிட்டையும் எடுத்தாள். ஷ்யாமளாவின் கண் அந்தப் பையிலேயே நின்றது. கிட்டைக் கையோடு கொண்டு வந்தவள் எதற்குக் கொண்டு வந்தாள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"தெரிஞ்சேதான் விட்டியா?" என்றாள் மெதுவாக.

"ஆமாக்கா. உங்க தரையில விளையாடினது தப்புதான், மன்னிச்சுக்குங்க. இதை நானே முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் போவேன்."

ஷ்யாமளா ஒரு கணம் யோசித்தாள். பிறகு திரும்பி வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஆண்களை, "தள்ளுங்க, அவளுக்கு லைட் வேணும்" என்று விரட்டினாள்.

கண்மணி ஈரக் கலவையை வழித்து எடுத்து, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுப்போட்டாள். மீட்டர் சரியான எண்ணைக் காட்டியது. அலாரம் பெட்டியைத் திரும்ப மாட்டினாள். அது வாயை மூடிக்கொண்டிருந்தது. மகாதேவன் ஒரு மூலைக்கு ஒதுங்கி, கையில் ஆறிப்போன காபியோடு நின்றார்.

"சும்மா ஏங்க நிக்கறீங்க?" என்றாள் கண்மணி, தலையைத் தூக்காமல். "எல்லாருக்கும் காபி போட்டுட்டு வாங்க."

மகாதேவன் கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. சர்க்கரை எங்கே இருக்கிறதென்று அவருக்கு அந்த வீட்டிலும் தெரியவில்லை.