சாய்ந்து நின்ற நான்கு முத்திரைகள்

அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கதவிலிருந்து மிகத் தள்ளி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிய நாற்காலியில் மிகுரியா சென்செய். அனிமேஷன் தொடருக்கு மூலமான படக்கதையை எழுதி வரைந்தவர் அவர்; அதனால்தான் ‘சென்செய்’, ஆசான் என்ற பட்டம். வலப்பக்கம் பதிப்பகத்து யஷிரோ. பணம் போட்ட ஐந்து கம்பெனிகளின் குழுவுக்கு அவர்தான் தலைவர். அவருக்கு அடுத்து தொலைக்காட்சி நிலையத்துக்காரர் ஒருவர், கைபேசியில் தலையைக் கவிழ்த்தபடி. எதிர்வரிசையில் ஸ்டுடியோ முதலாளி உதகாவாவும் ஓவியர் நெமோதோவும். கதவை ஒட்டி, யாராவது உள்ளே வந்தால் முழங்கையில் இடிபடும் இடத்தில், குஜிராய் நோபுகோ. அந்த நாற்காலிக்காரருக்குத் தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைக்கிற வேலையும் உண்டு. ஓவியச் சரிபார்ப்பில் இருபத்தாறு வருஷம் ஆகியும் நோபுகோவின் நாற்காலி அங்கிருந்து ஒரு சாண்கூட நகரவில்லை.

ஹோசுமிக்கு நாற்காலியே இல்லை. விருது வாங்கிய காட்சியை வரைந்தவன் அவன்தான்.

‘நான்கு மணிக் குளியல்’ தொடரின் ஒன்பதாம் பகுதிக்கு ‘ஆண்டின் சிறந்த காட்சி’ விருது கிடைத்திருந்தது. மூடப்போகிற ஒரு பொதுக் குளியலகம். கடைசி நாள். அதை நடத்துகிற பெண் தரை ஓடுகளைத் தேய்த்துவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றுகிறாள். மூன்று நிமிஷம் இருபது நொடி. பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. தண்ணீர் ஓடுகளின் இடுக்கில் தயங்கி, பிரிந்து, மறுபடி சேர்ந்து ஓடுவதை மட்டுமே பார்க்கிறோம். புத்தகத்தில் அது ஒரே ஒரு கட்டம்.

யஷிரோ விருதுக் குழுவின் கடிதத்தை நிதானமாக வாசித்தார். காட்சியின் ஓவியர் என்ற இடத்தில் நெமோதோவின் பெயர் வந்தது. நெமோதோ கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

“நெமோதோ சான், அந்தத் தண்ணிய எப்பிடிங்க வரைஞ்சீங்க?” என்று மிகுரியா சென்செய் கேட்டார். “நான் ஒரு வாளி, நாலு கோடு போட்டு முடிச்சுட்டேன். டிவியில பாத்தப்போ இது நான் எழுதின கதைதானான்னு இருந்துச்சு.”

நெமோதோ முதலாளியின் முகத்தைப் பார்த்தார். “எல்லாரும் சேந்து செஞ்ச வேலைங்க, சென்செய்.”

“அத வரைஞ்சது ஹோசுமி சான்” என்றாள் நோபுகோ. கதவோரத்திலிருந்து குரல் வந்ததால் எல்லோரும் திரும்ப வேண்டியிருந்தது.

“யாரு?” என்றார் யஷிரோ.

நாலரை மாதம் ஒருத்தன் அந்தத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தான். தோள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூட இடது கையால் போட்டுக்கொண்டு வந்து வரைந்தான். அவனைத்தான் யார் என்று கேட்கிறார்கள்.

“நம்ம ஓவியர்தான். இப்ப வேலைய விட்டுட்டாரு” என்று உதகாவா அவசரமாகச் சொன்னார். “குஜிராய் சான், அத அப்புறம் நம்ம இடத்துல பேசிக்கலாமே.”

“அப்புறம்னா எப்போங்க? வெள்ளிக்கிழமை விருதுல பேரு பொறிக்கப்போறாங்கன்னு இப்பத்தான வாசிச்சாரு? இன்னிக்குப் புதன்.”

நடந்தது ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஓடுகிற பெயர்ப் பட்டியலை யாரும் புதிதாக எழுதுவதில்லை. போன வாரத்துப் பட்டியலை அப்படியே எடுத்து, மாறவேண்டிய வரிகளை மட்டும் மாற்றுவார்கள். எட்டாம் பகுதியை வரைந்தவர் நெமோதோ. ஒன்பதாம் பகுதிக்கு எல்லா வரியும் மாறியது, அந்த ஒரு வரி மாறவில்லை.

“டிஸ்க் வரும்போது திருத்திடறோம்னு அப்பவே சொன்னேனே” என்றார் உதகாவா. “எல்லா ஸ்டுடியோவுலயும் அப்பிடித்தான செய்றாங்க.”

“டிஸ்க் போடல” என்றார் யஷிரோ.

“என்னது?”

“நூத்துச் சொச்சம் நாட்டுல இணையத்துலயே பாத்துடறாங்க. டிஸ்க்க யாரு காசு குடுத்து வாங்குவா?”

தொலைக்காட்சிக்காரர் அப்போதுதான் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். முகமெல்லாம் பல். “போன வாரம் அந்தத் தண்ணித் துண்ட மட்டும் நாலு கோடிப் பேரு பாத்திருக்காங்க!”

நாலு கோடி. அத்தனை பேருக்கும் தப்பான பெயரைக் காட்டிவிட்டு இந்த மனிதர் சந்தோஷப்படுகிறார்.

“அப்ப இணையத்துல இருக்கறத மாத்துங்க” என்றாள் நோபுகோ.

“அஞ்சு கம்பெனியும் ஒத்துக்கணும், குஜிராய் சான்” என்றார் யஷிரோ. “விருதுக் குழுவுக்குப் போய் எங்க பட்டியலே தப்புன்னு சொன்னா மத்த பட்டியலையும் நோண்டுவாங்க. ரெண்டாவது சீசனுக்குக் கையெழுத்தாகற நேரம். ஒரு பேருக்காக அத்தனையும் போட்டு உடைக்கணுமா?”

“ஒரு பேருதான் அவருகிட்ட இருக்கு. ஊர்ல பேரிக்கா தரம் பிரிக்கிற கொட்டகையில நிக்கறாரு. தொத்தோரியில ஒரு ஓவியப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் வேல தரேன்னாங்க. நீங்க வரைஞ்சதுக்கு அத்தாட்சி எங்கன்னு கேட்டிருக்காங்க. நம்ம தொழில்ல கடைசியில ஓடற பேரத் தவிர வேற என்ன அத்தாட்சி இருக்கு?”

யஷிரோ கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் நகர்த்தினார். அது கைக்குக் கை மாறிக் கதவோரம் வந்தது. ஒன்பதாம் பகுதியின் பெயர்ப் பட்டியல். கீழே, கையெழுத்துக்குப் பதிலாக, வரிசையாக நான்கு சிவப்புப் பெயர் முத்திரைகள்.

“கடைசி முத்திரை யாரோடது?”

நோபுகோ குனிந்து பார்த்தாள். ‘குஜிராய்’ என்றிருந்தது.

மேலதிகாரியின் முத்திரைக்குப் பக்கத்தில் தன் முத்திரையைக் குத்தும்போது அதைக் கொஞ்சம் சாய்த்துக் குத்துவது அவர்கள் வழக்கம். அப்போது எழுத்துகளே அதிகாரியைப் பார்த்து வணங்குவதுபோலத் தெரியும். தாளில் உதகாவாவின் முத்திரைகூட, குழுவுக்குப் போகிற தாள் என்பதால், லேசாகச் சாய்ந்திருந்தது. அடுத்தது இன்னும் கொஞ்சம். அதற்கடுத்தது மேலும். நோபுகோவுடையது கிட்டத்தட்டக் குப்புற விழுந்து கிடந்தது. வழக்கமாகக் கீழேயிருந்து மேலே போகிற தாள் அது. அன்று ஒளிபரப்புக்கு நேரமாகிவிட்டதால் மேலேயிருந்து கீழே வந்தது. மேலே மூன்று பேர் பார்த்தாயிற்று என்று அவள் நினைத்தாள். கீழே குஜிராய் பார்த்துக்கொள்வாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அளவெடுத்துக் குத்தியது நோபுகோவுக்கு நன்றாக நினைவிருந்தது. வரிகளை வாசித்தது நினைவில்லை. வாசித்திருந்தால்தானே நினைவிருக்கும்?

“சரிபாக்கறதுதான உங்க வேல?” என்றார் யஷிரோ, மிக மரியாதையாக.

கூட்டம் அதோடு முடிந்தது. மிகுரியா சென்செய் கதவருகே ஒரு நிமிஷம் நின்று, “கதையக் குடுத்ததோட என் கையவிட்டுப் போச்சுங்க” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். நோபுகோ கோப்பைகளை அடுக்கினாள். ஒன்று உடைந்தால் நன்றாக இருக்கும்போலிருந்தது. ஒன்றும் உடையவில்லை.

நடைவழியில் நெமோதோ நின்றுகொண்டிருந்தார்.

“வாய்ல மோச்சிக் கொழுக்கட்டை அடைச்சிருந்துச்சா?” என்றாள்.

“திட்டுங்க. ரெண்டாவது சீசன்ல என்னைத் தலைமை ஓவியரா போடறேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. வீட்ல ரெண்டு புள்ளைங்க.”

“அந்தப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போய், மேடையேறி விருத வாங்குவீங்களோ?”

“கை நடுங்கும், குஜிராய் சான்.”

“நடுங்கட்டும். அந்தத் தண்ணிய வரைஞ்சவருக்கு ஒரு வருஷமா நடுங்குது.”

நெமோதோ கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். கிளம்பியவர் திரும்பாமலே சொன்னார்: “அந்தக் காட்சியோட டைம் ஷீட்டெல்லாம் என் மேசைக் கீழறையில இருக்கு. ஒவ்வொண்ணுலயும் மேல் மூலையில அவரு கையால பேரெழுதியிருக்காரு. நான் சாப்பிடப் போறேன். பூட்ட மறந்துட்டேன்னு வெச்சுக்குங்க.”

அவ்வளவுதான் அவருடைய வீரம். அதுவாவது இருந்ததே என்று, எந்தப் படம் எந்த நொடியில் வர வேண்டும் என ஓவியர் குறித்துவைக்கும் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு நோபுகோ நகலெடுக்கும் எந்திரத்துக்குப் போனாள்.

பிறகு கடிதத்தாளை விரித்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த முறையிலிருந்து அவள் ஒருநாளும் விலகியதில்லை. முதலில் பருவம், அடுத்து நலம், அதற்கப்புறம்தான் விஷயம். இலையுதிர்காலம் முதிர்ந்து பெர்சிமன் பழங்கள் சிவந்திருக்கும் இவ்வேளையில், என்று எழுதினாள். எழுதியதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. பழம் எங்கே சிவந்தால் என்ன? கிழித்துப் போட்டுவிட்டு, ‘முகவுரை தவிர்க்கிறேன்’ என்று தொடங்கினாள்.

‘தாங்கள் விருதளித்த காட்சியை வரைந்தவர் ஹோசுமி மசாத்சுகு. நெமோதோ அல்ல. பெயர்ப் பட்டியல் தவறு. அந்தத் தவறான தாளைச் சரிபார்த்ததாக முத்திரையிட்ட நால்வரில் நானும் ஒருத்தி. நான் அதை வாசிக்கவில்லை. மற்ற மூவர் வாசித்தார்களா என்பதை அவர்களிடமே கேளுங்கள். காட்சியின் டைம் ஷீட்டுகளின் நகல்களை இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் வரைந்தவரின் பெயர் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் இதைப் பாருங்கள். பார்த்த பிறகும் வேறு பெயரைப் பொறித்தால், அது எங்கள் தவறாக இராது, உங்களுடையதாகும்.’

நாளைக்கு இந்த மேசை தனக்கு இருக்குமா என்று ஒரு கணம் யோசித்தாள். கீழே பெயரெழுதி, முத்திரையைச் சிவப்பு மையில் ஒற்றினாள். பழகிய கட்டைவிரல் தானாகவே இடப்பக்கம் சாய்ந்தது. இரண்டு கையாலும் பிடித்து, நிமிர்த்தி, நேராகக் குத்தினாள்.

உறையை ஒட்டி, நடுவில் யாரும் பிரிக்காமலிருக்க, ஒட்டிய இடத்தின்மேல் மூடல் குறியைப் போட்டாள். விரைவுத் தபால் என்பதற்கு, அளவுகோல் வைத்து வலது ஓரத்தில் சிவப்புக் கோடு இழுத்தாள்.

வாசலில் உதகாவா எதிர்ப்பட்டார். “எங்க, குஜிராய் சான்? மூணு மணிக்கு நம்ம இன்னொரு தொடரோட பன்னெண்டாம் பகுதிப் பட்டியல் வருது, முத்திரை போடணும்.”

“வெச்சிருங்க. வந்து ஒவ்வொரு வரியா வாசிக்கறேன்.”

அவர் பார்வை உறையின் சிவப்புக் கோட்டில் நின்றது. “யாருக்கு அது?” என்று அவர் கேட்டபோது அவள் படியிறங்கியிருந்தாள்.

தபால் அலுவலகத்தில் வரிசை இல்லை. ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர் உறையைத் தராசில் வைத்தார். “கனமா இருக்கே. நாளைக்குக் காலையில போய்ச் சேந்துடும். பரவால்லீங்களா?”

“போதும்” என்றாள் நோபுகோ.

அவர் தபால்தலையின்மேல் ஓங்கி ஒரு முத்திரை குத்தி, கடிதத்தைப் பின்னாலிருந்த கூடையில் போட்டார்.